ஃபெத்தீனியா அத்தை சிகரெட் பிடிப்பதில்லை

அத்தியாயம் ஒன்பது

செத்தவர்களைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், தைஸியா இல்யீனிச்னா மட்டும் கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு நின்றுவிட்டாள். கையில் ஒரு பை. பையில் வெங்காயச் சருகில் சாயம் ஏற்றிய சிவப்பு முட்டைகள். உள்ளே போகிறவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க அம்மாவுக்கு வெச்சிடுங்க... இந்தாங்க, உங்க தம்பிக்கு...”

ஈஸ்டர் முடிந்து வரும் ராதொனித்ஸா, செத்தவர்களின் கல்லறைக்குப் படையலோடு போகும் நாள். ப்லெசொவோ ஊரில் அன்றைக்கு எல்லோருக்கும் போக ஒரு கல்லறை இருந்தது. அவளுக்கு இல்லை. அம்மா போரின்போது துறைமுக வேலைக்குப் போன இடத்தில் குண்டுவீச்சில் போனாள். அப்பாவை 1938-இல் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஐம்பத்திரண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

அப்பா பெயர் இல்யா ஸிமாகொவ். கவிஞர். அவர் எழுதிய பாட்டுகளைச் சுகோனா ஆற்றில் மரம் மிதக்க விடுகிறவர்கள் இன்றைக்கும் பாடுகிறார்கள். யார் எழுதியது என்று கேட்டால் “யாரும் எழுதல, ஆத்துலேயே வந்தது” என்பார்கள்.

“குஸ்மிச், அந்த அம்மாவைப் பாத்தா எனக்கு அழுகை வருது. எனக்கு அழுகை வந்தா மூக்கு சிவந்துடும். மூக்கு சிவந்தா ஊர்க்காரங்க வேற மாதிரி நெனப்பாங்க. சீக்கிரம் உள்ள போலாம்” என்றாள் ஸோயா.

ஸோயா துப்பறியும் சவேலி குஸ்மிச்சின் உதவியாளர். பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளையும் வாயையும் ஒரே வேகத்தில் ஓட்டுவாள். சவேலி குஸ்மிச் காவல் துறையில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குறைவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார்.

வழக்கு இதுதான். சனிக்கிழமை நூலகச் சுவரில் ஒரு கல்பலகை திறக்கப் போகிறார்கள். ‘நம் வட்டாரத்து எழுத்தாளர்கள்’ என்ற தலைப்பின் கீழே இரண்டு பெயர்கள். ஒன்று இல்யா ஸிமாகொவ். மற்றது அவருடைய நண்பர், நாவலாசிரியர் கொந்த்ராத் வெரேஷின். பள்ளிப் பாடத்தில் இருக்கிறவர், தெருவுக்கே பெயர் கொடுத்தவர். அந்த நண்பர்தான் கவிஞரைக் காட்டிக்கொடுத்தார் என்று ஊருக்குள் ஐம்பது வருஷமாக முணுமுணுப்பு. அது நிஜமா, பொய்யா? நிஜமென்றால் அப்பாவின் பெயரை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் செதுக்க விடமாட்டேன் என்று தைஸியா இல்யீனிச்னா சொல்லிவிட்டாள். ஆவணக் காப்பகம் கதவையே திறக்கவில்லை. இதுவரை கையில் ஒன்றும் சிக்கவில்லை.

வெரேஷின் குடும்பக் கல்லறை, நீல வண்ணம் அடித்த இரும்பு வேலிக்குள் இருந்தது. கறுப்புக் கல்லில் நாவலாசிரியரின் முகம். பள்ளிப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன துலிப் பூக்கள். சற்றுத் தள்ளி இன்னொரு மேடு, ஒரு மரச்சிலுவை. அதில் தகரத் தகடு: ‘ஃபெத்தீனியா ஸிஸோயெவ்னா, 1942.’

“யார் இது?”

“கொந்த்ராத்தோட அத்தையாம். அதோ பாருங்க, கிழவியம்மா இப்பத்தான் போறாங்க.”

நாவலாசிரியரின் மனைவி வர்வாரா மத்வேயெவ்னா, எண்பதைத் தாண்டியவர், கைத்தடியோடு பாதையில் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார்.

சவேலி குஸ்மிச் கல்லறையைப் பார்த்தார். கணவரின் கல்லில் அந்தம்மா வைத்தது இரண்டு பூக்கள், ஒரு முட்டை. அத்தையின் மேட்டில்தான் கவனிப்பு அதிகம். ஒரு சின்னக் கோப்பையில் வோட்கா, அதன் மேல் கறுப்பு ரொட்டித் துண்டு, பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் அட்டைக்குழல் சிகரெட் ஒன்று. பற்ற வைத்து, யார் வாயிலும் படாமல், தானாகவே எரிந்து முடிந்திருந்தது. சாம்பல் உதிராமல் நீளமாகப் படுத்திருந்தது.

“அத்தைக்கு நல்ல நுரையீரல். முழுசையும் இழுத்துட்டாங்க” என்றாள் ஸோயா.

“செத்தவங்களுக்கு என்ன வைப்பாங்க, ஸோயா?”

“உயிரோட இருந்தப்ப ஆசைப்பட்டதை. எங்க மாமாவுக்கு நான் பீர் வெச்சேன். திரும்பிப் பாத்தா காவல்காரர் குடிச்சிட்டு இருக்காரு. மாமாவா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாருன்னு விட்டுட்டேன்.”

சவேலி குஸ்மிச் வாசலுக்குத் திரும்பினார்.

“தைஸியா இல்யீனிச்னா, வெரேஷினோட அத்தை ஃபெத்தீனியாவை உங்களுக்குத் தெரியுமா?”

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். “தெரியாம என்ன? ஸமோஷியே கிராமம். பழைய மதக்காரங்க, பழைய சடங்கை விடாம சர்ச்சைவிட்டே பிரிஞ்சு போனவங்க. அப்பா ஒரு தடவ என்னைப் படகுல கூட்டிட்டுப் போனாரு. அவங்க வாசல்ல நின்னு ஒரு சிகரெட்டைப் பத்த வெச்சாரு பாருங்க, அந்தம்மா அடுப்புல பானை தூக்கற கவைக்கோலை எடுத்துக்கிட்டுத் துரத்தினாங்க! ‘பிசாசுக்கு என் வாசல்லயா தூபம் போடறே’ன்னு ஆத்தங்கரை வரைக்கும் துரத்தினாங்க. கொந்த்ராத் மாமா பின்னாலேயே சிரிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு...” சிரிப்பு நின்றுவிட்டது. “அப்போல்லாம் அவரு எனக்கு மாமாதான்.”

“கொந்த்ராத் சிகரெட் பிடிப்பாரா?”

“தொடவே மாட்டாரு. அந்த அத்தை வளர்த்த பிள்ளையாச்சே.”

சவேலி குஸ்மிச் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“ஸோயா, வண்டியை எடு.”

*

ஸமோஷியேவுக்குப் போகும் சாலையை மே மாதத்தில் சாலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பனி உருகிய சேற்றில் மோட்டார் சைக்கிள் நீந்திக்கொண்டு போனது.

“நம்ம வட்டாரத்துல கொசுவுக்கு அடுத்தபடி எழுத்தாளருங்கதான் ஜாஸ்தி” என்று கத்தினாள் ஸோயா. “ஏன்னு இப்பத்தான் புரியுது. இந்த ரோட்டுல எங்கேயும் போக முடியாது. உக்காந்து எழுதறதைத் தவிர வேற என்ன பண்ணுவான் மனுஷன்?”

“வெரேஷின் நாவல் படிச்சிருக்கியா?”

“படிக்க வெச்சாங்க. மூணு கட்டுரை எழுதினேன், மூணுலயும் ஃபெயில். முதல்ல எழுதின நாவல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஒரே புகை. படகுக்காரன் புகைப்பான், கணக்கப்பிள்ளை புகைப்பான், புத்தகத்தைத் திறந்தாலே இருமல் வரும். போருக்கு அப்புறம் எழுதினதுல பாருங்க, ஒருத்தன்கூடப் புகைக்க மாட்டான். பதுங்குகுழியில சிப்பாய்ங்க சூரியகாந்தி விதை கொறிப்பாங்க! குண்டு விழுது, இவனுங்க விதை கொறிக்கறானுங்க! அதைத்தான் கட்டுரையில எழுதினேன். டீச்சருக்குப் பிடிக்கல.”

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார் சவேலி குஸ்மிச்.

“நீங்க டீச்சரா இருந்திருந்தா நான் இந்நேரம் மாஸ்கோவுல இருந்திருப்பேன்.”

கிராமத்தில் அடுப்புப் புகை வந்த வீடுகள் ஐந்தாறுதான். முதல் வீட்டு வாசலில் நிகோதிம் என்ற பெரியவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்புவரை தாடி. ஸோயாவின் கால்சட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தாகமா இருக்கு பெரியவரே” என்றாள் ஸோயா.

பெரியவர் எழுந்து போய் ரொட்டிக் கஞ்சிநீர் கொண்டுவந்தார். வாசல் தூணில் ஆணியில் தொங்கிய ஒரு நசுங்கிய தகரக் குவளையில் அதை ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குள் இருந்து குவளை எடுக்கவில்லை.

“இது வெளியாளுங்க குவளையா?”

“ஆமா. தப்பா எடுத்துக்காத. பிரெஷ்னெவே வந்தாலும் இதுலதான் குடிக்கணும்.”

“அவரு செத்துட்டாரு பெரியவரே.”

“வராமலே போயிட்டாரு, பாவம்.”

சவேலி குஸ்மிச் குடித்துவிட்டுக் குவளையை ஆணியிலேயே மாட்டினார். “ஃபெத்தீனியா ஸிஸோயெவ்னா எங்க இருக்காங்க?”

“எங்க இருப்பாங்க? அதோ, பைன் மரங்களுக்குப் பின்னால. எங்க ஆளுங்களோட.”

“ப்லெசொவோ கல்லறையில அவங்க பேர்ல ஒரு சிலுவை இருக்கே.”

நிகோதிம் வலையைக் கீழே வைத்தார். “உங்களோட ஒரு குவளையே பங்கு போட்டுக்க மாட்டோம். மண்ணையா பங்கு போட்டுக்குவோம்?”

ஸோயா ஆணியில் தொங்கிய குவளையையும் பைன் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ அந்தச் சிலுவை?” என்றார் சவேலி குஸ்மிச்.

“அத்தை போர்ச் சமயத்துல, நாப்பத்திரண்டு பனிக்காலத்துல போயிட்டாங்க. சாவை ஆபீஸ்ல போய் எழுதறது எங்க பழக்கமில்ல. வசந்தத்துல கொந்த்ராத் வந்து நின்னான். ஆளே இல்ல, நெழலு மாதிரி இருந்தான். எங்கப்பாகிட்ட, ‘அத்தையோட பேரை ஒரு காரியத்துக்குக் கடனாக் குடுங்க’ன்னு கேட்டான். அப்பா எதுக்குன்னு கேக்கல. ‘பேருதானே, கொண்டு போ’ன்னாரு.” பெரியவர் மறுபடி வலையை எடுத்தார். “கடன் வாங்கினவன் திருப்பித் தரவே இல்ல.”

வண்டியை மிதித்துக் கிளப்பும் முன் ஸோயா கேட்டாள். “குஸ்மிச், அப்போ அந்த வேலிக்குள்ள படுத்திருக்கறது...”

“ரொம்ப நாளா சிகரெட்டுக்கு ஆசைப்பட்ட ஒருத்தர்.”

*

வர்வாரா மத்வேயெவ்னா கதவைத் திறந்தபோது சவேலி குஸ்மிச் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வழியில் வாங்கிய அட்டைக்குழல் சிகரெட் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

“இல்யா ஸிமாகொவ் இந்த ரகம்தான் பிடிப்பாரா?”

கிழவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். பெருமூச்சு வந்தது, முதுகுச் சுமையை இறக்கி வைக்கிறவர்களுக்கு வருமே, அந்த மாதிரி.

“இதைவிட மட்டமான ரகம். இப்போ அது வர்றதில்ல.”

“எப்போ வந்தாரு?”

“நாப்பத்திரண்டு, மே மாசம். ஆத்துல மரம் மிதக்கவிட ஆரம்பிச்ச சமயம். மேல்பக்கத்து முகாம்ல மரம் வெட்டப் போட்டிருந்தாங்க. கட்டின மரங்களுக்கு நடுவுல படுத்துக்கிட்டு, ஐஸ் தண்ணியில மிதந்து வந்திருக்காரு. விடியக்காலையில எங்க முற்றத்து நீராவிக் குளியலறையில முனகல் சத்தம் கேட்டுது. கொந்த்ராத் போய்ப் பாத்தாரு. ஆள் எலும்பும் தோலுமா... நெஞ்சுல கொரகொரன்னு சத்தம். ஓடி வந்த கைதியை மறைச்சா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும். அங்கேயே வெச்சுக்கிட்டோம். கொந்த்ராத்தான் குளிப்பாட்டினாரு, ஊட்டினாரு. பத்து நாள்கூடத் தாங்கல.”

“அத்தை பேர்ல புதைச்சீங்க.”

“தொத்து வியாதி, டைபஸ்னு சொல்லிப் பெட்டியை ஆணி அடிச்சுட்டோம். ஒருத்தரும் கிட்ட வரல.”

ஸோயா எழுந்தே விட்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. “அப்போ ஊரு சொன்னது பொய்! அவரு காட்டிக்கொடுக்கல, காப்பாத்தியிருக்காரு! ஏன் பாட்டி இத்தன வருஷம் வாயை மூடிட்டு இருந்தீங்க? நாங்க இப்பவே போய்த் தைஸியா அம்மாகிட்ட—”

“உக்காரு பொண்ணே.”

ஸோயா உட்கார்ந்தாள்.

“ஊரு சொன்னது நெஜம்” என்றார் வர்வாரா மத்வேயெவ்னா. “முப்பத்தெட்டுல இல்யாவுக்கு எதிரான வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டது கொந்த்ராத்தான். ரகசியப் போலீஸ்ல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, போட்டுட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட மட்டும் சொன்னாரு. எனக்கு அப்போ வயித்துல பிள்ளை. அதுவும் தங்கல. காரணம் சொல்ல வரல நான். போட்டாரு, அவ்வளவுதான்.”

சவேலி குஸ்மிச் மெதுவாகக் கேட்டார். “இல்யாவுக்கு அது தெரியுமா?”

“தெரியும். விசாரணையில காட்டியிருக்காங்க. தெரிஞ்சேதான் வந்தாரு. குளியலறையில கண்ணைத் தொறந்ததும் மொத வார்த்தை என்ன தெரியுமா? ‘பயப்படாத கொந்த்ராத். நான் கணக்குக் கேக்க வரல. இந்த ஊர்ல என்னை ஏற்கெனவே காட்டிக்கொடுத்தவன் நீ ஒருத்தன்தான். ரெண்டாவது தடவ உன்னால முடியாது. வேற யாரை நம்பறது?’ன்னாரு.”

ஸோயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ஒரு சிகரெட். நாங்க குடுக்கல.” கிழவியின் கை மேஜைமேல் இருந்த பெட்டியைத் தொட்டது, விலகியது. “புகைக்காத வீடு எங்க வீடு. தெருவுக்கே தெரியும். எங்க குளியலறையிலிருந்து புகையிலை வாசனை வந்தா யாரோ இருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல கண்டுபிடிச்சுடுவாங்க. தினமும் கேட்டாரு. ‘நாளைக்கு’ன்னு சொன்னோம். கடைசி நாளும் நாளைக்குன்னுதான் சொன்னோம்.”

“இல்யா பேருல இருந்த குத்தத்தை அம்பத்தாறுலயே நீக்கிட்டாங்களே. அப்பவாவது அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார் சவேலி குஸ்மிச். குரலில் அதிகாரி இல்லை.

“ஒவ்வொரு வசந்தத்துலயும் கிளம்புவாரு. கோட்டு மாட்டிக்கிட்டு, அவ தெரு முனை வரைக்கும் போவாரு. திரும்பி வந்துடுவாரு. கல்லறையைக் காட்டினா அவ நன்றி சொல்லுவா. அந்த நன்றியை எந்தக் கையால வாங்கறது? வாங்கக் கூடாதுன்னா கையெழுத்தைச் சொல்லணும். அதுக்கு வாய் வரல. அப்படியே செத்துப்போனாரு. அப்புறம் எனக்கும் வரல.”

வெளியே வந்ததும் ஸோயா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“குஸ்மிச், பாதியை மட்டும் சொல்லலாம். கல்லறை இருக்கற இடத்தை மட்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியது அதுதானே? கையெழுத்து விஷயம் நம்மளோட போகட்டும். யாருக்கு நஷ்டம்?”

“கிழவருக்கும் இதே யோசனைதான் வந்திருக்கும். தெரு முனை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினாரே, அங்க நின்னு வேற என்ன யோசிச்சிருப்பாரு?”

பின்னால் கைத்தடிச் சத்தம். வர்வாரா மத்வேயெவ்னா தலையில் துணி கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

“அந்தத் தொட்டி வண்டியில என்னை ஏத்திக்கோங்க. நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்.”

*

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் காலியாகிவிட்டது. காக்கைகள் முட்டை ஓடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. சூரியன் இறங்கினாலும் வெளிச்சம் இறங்காத பருவம்.

நீல வேலிக்கு வெளியே நின்றபடியே வர்வாரா மத்வேயெவ்னா சொல்லி முடித்தார். முதலில் கையெழுத்தை. பிறகு கல்லறையை. அந்த வரிசையில்தான் சொன்னார். சவேலி குஸ்மிச் அதைக் கவனித்தார்.

தைஸியா இல்யீனிச்னா கத்தவில்லை. வேலியின் கதவைத் திறந்து உள்ளே போனாள். அத்தையின் பெயர் போட்ட சிலுவைக்கு முன்னால் நின்றாள்.

“தலை எந்தப் பக்கம்?”

“மேற்கே. சிலுவை காலடியில.”

அவள் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனாள். மண்டியிடவில்லை. அறுபது வயதுப் பெண்மணி, பள்ளிப் பிள்ளை மாதிரி கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பத்து நாளும் நான் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன்.”

“ஆமா தாஸ்யா” என்றார் கிழவி, அவளுடைய சின்ன வயதுச் செல்லப் பெயரில்.

“என்னைக் கேக்கலையா?”

“கேட்டாரு. சின்னப் பிள்ளை, வெளிய சொல்லிடுவே. உன் அம்மாவையும் கொண்டு போயிடுவாங்க. அவரே வேண்டாம்னுட்டாரு. ஆனா பாக்கணும்னாரு.” கிழவி கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஒரு நாள் நான் உன்னை எங்க முற்றத்துக்குக் கூப்பிட்டேனே. ஞாபகம் இருக்கா? கேரட் பணியாரம் குடுத்தேன். கோட்டு நீளமா இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லி, உன்னை ரெண்டு தடவ சுத்தவெச்சேன்.”

தைஸியா இல்யீனிச்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“குளியலறைக்குக் கையகலத்துல ஒரு ஜன்னல் இருக்கு” என்றார் வர்வாரா மத்வேயெவ்னா.

ஸோயா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

கிழவி கைத்தடியை வேலிக்குள் நீட்டிக் காட்டினார். “இந்த ரெண்டு மேட்டுக்கும் நடுவுல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு தாஸ்யா. எனக்குன்னு விட்டு வெச்சது. நீ எடுத்துக்கோ. உங்கப்பா பக்கத்துல.”

“நீங்க எங்க போவீங்க?”

“எனக்கென்ன. வேலிக்கு வெளிய எங்கேயாவது.”

தைஸியா இல்யீனிச்னா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் கறுப்புக் கல், ஒரு பக்கம் மரச்சிலுவை.

“வேண்டாம்” என்றாள். “நீங்கதான் அங்க படுக்கணும். இத்தன வருஷமும் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானே இருந்தீங்க.”

அது மன்னிப்பா, தண்டனையா என்று சவேலி குஸ்மிச்சால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நூலகத்துக்கு என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார் சவேலி குஸ்மிச். “சனிக்கிழமை பலகை...”

“ரெண்டு பேரும் இருக்கட்டும். ஒரே வேலிக்குள்ள கெடக்கறவங்களைச் சுவத்துல பிரிச்சு என்ன ஆகப்போகுது? ஆனா நான் அங்க வந்து கைதட்ட மாட்டேன்.”

“நீங்க வரலேன்னா ஊரு பேசும்.”

“பேசட்டும். எனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கு.”

“என்ன வேலை?” என்றாள் ஸோயா.

தைஸியா இல்யீனிச்னா குனிந்து, சிலுவையின் அடியில் முளைத்திருந்த புல்லை ஒரு பிடி பிடுங்கினாள். பிறகு இன்னொரு பிடி.

“இங்கதான்” என்றாள்.